சோறு தொடாத சம்பந்தி

சர்க்கரை வியாதி குண்டானவர்களைத் தேடித்தான் வரும் என்று நாற்பத்தொரு வயது வரை முழுசாக நம்பியிருந்தவன் நான். என் எடை ஐம்பத்துநாலு கிலோ. எந்த பெல்ட் வாங்கினாலும் வீட்டில் ஆணி வைத்து இன்னும் மூன்று ஓட்டை போட்டால்தான் இடுப்பில் நிற்கும். அப்படிப்பட்டவனுக்குச் சாப்பிட்ட பிறகு 286 என்று ரிப்போர்ட் வந்தால் என்ன தோன்றும்?

"மிஷின் ரிப்பேரா இருக்கும் மேடம், இன்னொரு தடவ பாருங்க" என்றேன்.

டாக்டரம்மா பொறுமையாக இன்னொரு தடவையும் பார்க்கச் சொன்னார். இரண்டு கூடியிருந்தது.

"ஒல்லியா இருந்தாலும் வரும் பாய். மூணு மாசம் சாப்பாட்டுலயே கட்டுப்படுத்திப் பாப்போம். ஆனா நீங்க எட கொறையக் கூடாது, பட்டினி கெடக்கவே கூடாது. தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, மிச்சம் முட்ட, மீனு, கறி."

இவ்வளவு தெளிவாகச் சொன்னதில் என் காதில் விழுந்தது இரண்டே இரண்டு: சோறு ஆகாது, கறி ஆகும். (கறி தினமும் யார் வாங்கிப் போடுவது என்று அந்தக் காது யோசிக்கவில்லை.) சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் ஒரே நாளில் தலைமுழுகினேன். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் புடலங்காய், ராத்திரி மறுபடியும் அதே புடலங்காய். ஒரே மாதத்தில் ஐந்து கிலோ காணாமல் போனது. செம்மண்டலத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் "என்ன பாய், வீட்டுல ஏதாவது துக்கமா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை ஷமீமாவுக்குச் சிதம்பரத்தில் இடம் கூடிவந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் கைக்கு எட்டித் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துப் பேப்பர் திருத்தும்போது பாட்டு முணுமுணுத்தாள். அத்தா இல்லாத வீடு, பேசி முடிக்க அம்மாவோடு நான்தான் போக வேண்டும்.

கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"குடும்பத்துல சுகர் உண்டான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். நீ வாயத் தொறந்தியோ, பொண்ணுக்கும் வரும்னு ஓடிப்போயிடுவாங்க. இந்த இடமும் போச்சுன்னா அவ மொகத்த என்னால பாக்க முடியாதுடா."

எனக்கும்தான் முடியாது. உயிரே போனாலும் சொல்வதில்லை என்று முடிவுசெய்தேன். மதியம் பிரியாணிக் கறி நிச்சயம் என்பதால் காலையில் ஒரே ஒரு முட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் விருந்துகளில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, மேலே கறி வைத்துக் கொண்டுவருவார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை எடுத்துச் சாப்பிட வேண்டும். கறி நாலு பேருக்கும் பொது. என் சஹனில் மாப்பிள்ளையின் அத்தா, தரகர், அப்புறம் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கலீல் மாமா. மாமா நூறு கிலோவுக்குக் குறையமாட்டார்.

"சாப்புடுங்க தம்பி, ஒடம்பே இல்லியே" என்று சம்பந்தி ஒரு நல்ல துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. சாப்பிட்டேன். இன்னொன்று தள்ளினார். அதையும் சாப்பிட்டேன். மூன்றாவது துண்டுக்கு "மாஷா அல்லாஹ்" என்றார். நாலாவதை நானே எடுத்தேன். ஒரு மாதப் புடலங்காய் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறாவதுக்குத் தரகர் இருமினார். நான் நிமிரவில்லை.

மற்ற மூன்று பக்கமும் சோறு இறங்கித் தாம்பாளம் தெரிந்தது. என் பக்கம் மட்டும் மலை அப்படியே நின்றது. மேலே கறி தீர்ந்துபோனதால், அடியில் ஏதாவது புதைந்திருக்கும் என்று விரலை உள்ளே விட்டேன். ஒரு எலும்பு தட்டுப்பட்டது. இழுத்தேன். மலை மொத்தமும் சரிந்து கலீல் மாமா மடியில் விழுந்தது.

மாமா மடியில் கிடந்த சோற்றைப் பார்த்தார், அப்புறம் என் கையிலிருந்த எலும்பைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, கறிக்காகத்தான் பொண்ணு குடுக்குறீங்களா?" என்றார் மாமா.

அங்கே வீட்டில் ஷமீமாவின் பாட்டு நின்றுபோவது இங்கே எனக்குக் கேட்டது. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு சுகர் மாமா! சோறு திங்கக் கூடாது!"

கூடத்தின் குறுக்கே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் நடுவிலிருந்து "யா அல்லாஹ்!" என்று அம்மாவின் குரல். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கா? சதையே இல்ல, சக்கர எங்க போயி தங்கும்? தின்னதுமில்லாம பொய் வேறயா? தங்கச்சி, அந்த மிஷின எடுத்தா!"

மாப்பிள்ளையின் அம்மாவிடம் சுகர் பார்க்கும் மிஷின் இருந்தது. புது ஊசி போட்டு, அத்தனை பேர் முன்னாலும் என் விரலில் குத்தினார்கள். 'ரப்பே, ஒரு இருநூறாவது காட்டிவிடு' என்று மனதார துஆ கேட்டேன். சுகர் ஏற வேண்டும் என்று துஆ கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

124.

"பாத்தீங்களா? பச்சப் பொய்!" என்று எழுந்தே விட்டார் மாமா. ஒரு மாதம் வாயைக் கட்டியதற்குக் கிடைத்த பலன், என் தங்கை கல்யாணத்தில் வந்து குறுக்கே நின்றது.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பேசினார்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இரு. சோறே தொடாதவருக்கு எப்டி ஏறும்? நீ தின்னல்ல? ஒன் கைய நீட்டு."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே மாமா விரலை நீட்டினார். பிறந்ததிலிருந்து டெஸ்ட் என்று ஒன்று எடுத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. வேறு ஊசி மாற்றிக் குத்தினார்கள்.

362.

மாமா விரலை இழுத்துக்கொண்டார். "மிஷின் ரிப்பேரா இருக்கும்மா" என்றார். "இன்னொரு தடவ பாரு."

எனக்கு மிகவும் பழக்கமான வாக்கியம் அது. திட்டினவர் என்பதெல்லாம் மறந்து பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் கேட்டார்: "ஏன் மறச்சீங்க?"

"பயந்துட்டேன்" என்றது அம்மா.

"எனக்கே பதினாலு வருசமா இருக்கு. நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல" என்றார் அவர். அன்றைக்கே தேதி குறித்தோம்.

டாக்டரம்மா 124-ஐப் பாராட்டுவார் என்று போனேன். 49 கிலோவைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் திட்டினார். இப்போது கால்வாசிச் சோறு, முட்டை, சுண்டல், வேர்க்கடலை என்று ஒழுங்காகச் சாப்பிட்டு ஐம்பத்துமூன்றைப் பிடித்திருக்கிறேன்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் சிதம்பரம் போகிறோம். என்னோடு ஒரே சஹனில் உட்கார யாரும் துணிவதில்லை, கலீல் மாமாவைத் தவிர. எங்கள் இருவருக்கும் சோற்றை ஒரு கை அளவாக வைத்து, சுற்றிலும் வெள்ளரிக்காயும் நடுவில் கறியும் வரும். மாமா இப்போது என்னைவிட வேகம். நான் இரண்டாவது துண்டை மெல்லும்போது அவர் விரல் வெள்ளரிக்காய்க்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கும்.

நாலாவது துண்டுக்கு யார் கை நீண்டாலும், திரைக்குப் பின்னாலிருந்து ஷமீமாவின் குரல் கேட்கும்.

"மிஷின எடுத்தாரவா?"