மறந்தவற்றின் பட்டியல், மூன்று பிரதிகள்

நாட்டு மக்களின் ஞாபகமறதியை அடியோடு ஒழித்து அவர்களை மேன்மையடையச் செய்யும் உன்னத நோக்கத்தோடு, கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் கட்டடத்தில் வல்லாரை லேகிய விநியோகப் பிரிவு திறந்துவைக்கப்பட்டது. நாடாவை வெட்டிய பெரியவர், எதற்காக வெட்டினோம் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டதாகச் சொல்வார்கள். அது பொறாமைக்காரர் கட்டின கதை, விட்டுவிடுவோம்.

வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரை கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. சிவபாலன் வாரத்தில் மூன்று நாள் தன் அக்கா சிவக்கொழுந்துக்குச் சம்பல் அரைத்துக் கொடுத்துப் பார்த்தவர்தான். ஆனால் சந்தையில் கிடந்தால் அது கீரை. போத்தலில் அடைத்து முத்திரை குத்தினால்தான் மருந்து. போத்தல் வந்த மாதத்திலிருந்து ஒழுங்கையில் யாரைக் கண்டாலும் "லேகியம் கிடைச்சுதோ?" என்பதே சுகம் விசாரிப்பாகிவிட்டது.

அக்காவுக்கு எழுபத்தொரு வயது. தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் தம்பியும் மட்டும்தான் வீட்டில். ஒருநாள் காலை தேத்தண்ணியோடு வந்த தம்பியைப் பார்த்து, "கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தனீங்களோ? அங்க வையுங்கோ" என்றார். சிவபாலன் தேத்தண்ணியை அங்கேயே வைத்தார். தன்னை அறவே மறப்பதற்குள் அந்த லேகியம் அக்காவின் வாய்க்குள் போய்விட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விநியோகப் பிரிவில் இருந்தவர் டோரின் என்ற உத்தியோகத்தர். ஹெந்தளையிலிருந்து பஸ் பிடித்து எட்டரைக்கு முன் கதிரையில் இருக்கும் நல்ல மனுசி. படிவம்தான் பொல்லாதது. அதில் எட்டாம் இலக்கம்: 'விண்ணப்பதாரர் மறந்துபோனவற்றின் முழு விபரம். சொந்தக் கையெழுத்தில், மூன்று பிரதிகள்.' அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆற அமர யோசித்து, 'ஒன்றுமில்லை' என்று மூன்று தரம் எழுதினார்.

"ஐயா, ஒண்டும் மறக்கேல்லயெண்டு அவங்களே எழுதித் தந்திருக்காங்க. பிறகு மருந்து எதுக்கு?"

"மறந்தது அவவுக்கு எப்பிடி மிஸ் ஞாபகம் இருக்கும்?"

"அப்பிடிப்பட்ட ஆக்களுக்குத்தான் நேர்முகப் பரீட்சை வச்சிருக்கு. அடுத்த மாசம் கூட்டிக்கொண்டு வாங்க. மறந்த விஷயம் பத்து, வாயால சொல்லவேணும்."

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தால் வெள்ளவத்தைக்காரர் என்ன செய்வாரோ, அதையே சிவபாலனும் செய்தார். அக்காவை டியூசனுக்கு அனுப்பினார்.

நப்ரீஸ் சேர் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிப்பவர். மறதி புதிய பாடமாக இருந்தாலும் அவர் அசரவில்லை. இரண்டே நாளில் நோட்ஸ் அடித்து, மாதிரி வினாத்தாளும் தயாரித்துவிட்டார். அக்கா காலையும் மாலையும் பாடமாக்கினார். ஒன்று, அடுப்பை நிறுத்த மறந்தது. இரண்டு, ஆடி அமாவாசையை மறந்தது. மூன்று, தம்பியை மறந்தது. மூன்றாவதைச் சொல்லும்போது சிவபாலன் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். அதற்கு மேல் அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

நேர்முகப் பரீட்சையன்று அக்கா பத்தையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்தார். யாரும் கேளாமலே பின்னாலிருந்து முன்னாகவும் ஒருதரம் சொன்னார். டோரின் பேனையைக் கீழே வைத்தார்.

"எனக்கே இவ்வளவு ஞாபகசக்தி இல்ல, ஐயா. இவங்களுக்கு லேகியம் குடுத்தா மேலிடத்தில எனக்குத்தான் கேள்வி வரும்."

சிவபாலன் மன்றாடினார். முதல் விண்ணப்பத்தின் இலக்கம் என்ன, எந்தத் திகதியில் தந்தது என்று டோரின் கேட்டார். தெரியவில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார். பதற்றத்தில் அதுவும் வரவில்லை. டோரினின் முகம் மலர்ந்தது; சட்டத்துக்குள் நின்றே உதவி செய்ய ஒரு வழி கிடைத்துவிட்டதல்லவா? பத்தே நிமிடத்தில் சிவபாலன் நோயாளியாகவும், அக்கா அவருடைய பாதுகாவலராகவும் பதியப்பட்டனர். பாதுகாவலர் பார்த்திருக்க நோயாளி விழுங்க வேண்டும், பாதுகாவலர் கையொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போத்தல் கையளிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் சிவபாலன் முதல் கரண்டியை அக்காவின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அக்கா. "நான் கார்டியன்."

அந்தப் பதவியை மட்டும் அவர் மறக்கவேயில்லை. தம்பியை வாய் திறக்கச் சொல்லி ஊட்டினார், கையெழுத்து வைத்தார். ஐந்து நிமிடத்தில் ஊட்டியதை மறந்து மறுபடி கரண்டியோடு வந்தார். வைத்த கையெழுத்தைக் காட்டினால் அது கள்ளக் கையெழுத்து என்றார். ஒரு கிழமையில் போத்தல் காலி. சிவபாலனின் வயிறு படாத பாடு பட்டது.

இதற்கிடையில் காலி வீதியில் நப்ரீஸ் சேரின் வகுப்புக்கு முன்னால் பெரிய பனர் ஒன்று ஏறியது. அக்காவின் படம், கீழே '71 வயதில் நூற்றுக்கு நூறு'. எதில் நூறு என்று அதில் போடவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க பஸ் தரிப்பிடம் வரை வரிசையில் நின்ற தாய்மாரில் ஒருவரும் கேட்கவுமில்லை. வயிற்றுக்கு மருந்து வாங்கப் போன அக்காவும் தம்பியும் அந்த வழியால் வந்தார்கள். அக்கா நின்று, பனரை முழுதாக வாசித்தார்.

"கெட்டிக்காரி. ஆரெண்டுதான் தெரியேல்ல" என்றார். பிறகு விறுவிறென்று உள்ளே போய்விட்டார். சிவபாலன் பின்னால் ஓடினார்.

பதிவு மேசையில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே யாரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"எங்கட தம்பியை. அவன் எல்லாத்தையும் மறக்கிறான், பாவம். லேகியமும் குடுத்துப் பாத்தன், சரிவரேல்ல."

"தம்பிட பேர்?"

அக்கா யோசித்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும் வரை யோசித்தார். கடைசியில், பக்கத்தில் நின்ற சிவபாலனிடம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

சிவபாலன் தன் பெயரைச் சொன்னார். வகுப்பு செவ்வாய்க்கிழமை என்றும், முன்வாங்கில் இருக்க இடம் வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் முந்தி வரவேண்டும் என்றும் சொல்லி, அந்தப் பெண் ஒரு பதிவுத் துண்டை அவர் கையில் கொடுத்தாள்.