சகுன மாமாவும் ஜெர்மன் மதாம்மாவும்

பம்பாய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வீட்டு வாசலைத் தாண்ட எங்கள் மாதுங்கா சகுன மாமாவைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் கிடைக்கமாட்டார். ஆபீசுக்கு மட்டும் சகுனம் பார்க்கமாட்டார். "அது நான் போறதில்லை ஓய், சர்க்கார் இழுத்துண்டு போறது" என்பார்.

யுத்தம் முடிந்த சமயம். மாமிக்கு ஒரே ஓர் ஆசை. பூனாவுக்கு அப்பால் ஜெர்மன் பாதிரிமார்கள் உண்டாக்கிய சின்ன ஊர் ஒன்று இருந்தது. சரிந்த ஓட்டுக்கூரை, ஊசிக்கோபுர சர்ச், ரொட்டிக்கடை எல்லாம் அவர்கள் தேசத்து மாதிரியே இருக்குமாம். அங்கே இருந்த மார்த்தா மதாம்மாவை ஒருதரம் பார்த்துவிடவேண்டும். பாலக்காட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் மாமிக்கு டீச்சர். தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தினமும் தலை பின்னிவிட்டவள். யுத்தம் வந்ததும் சர்க்கார் அவளை அந்த ஊரில் கொண்டுபோய்க் காவலில் வைத்துவிட்டது.

"ஏன்னா, சனிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை திரும்பிடலாமே" என்றாள் மாமி. மாமாவும் பெட்டியைக் கட்டினார்.

ஆனால் ஒற்றைப் பிராமணன் எதிரே வரக்கூடாதே! மாதுங்காவில் ஒற்றைப் பிராமணன் எதிர்ப்படாமல் தெருவில் நடப்பதும் கடலில் நனையாமல் குளிப்பதும் ஒன்றுதான். பல சனிக்கிழமைகளில் அந்தப் பிராமணன் நானே.

"ஓய், உள்ளே போம்! தலையைக் காட்டாதேயும்!" என்று மாடிப்படியிலிருந்து கத்துவார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்படுவதற்குள் தாதரில் ரயில் போயிருக்கும். மதாம்மாவுக்காக மாமி சுற்றிய கைமுறுக்கை எங்கள் கட்டடமே உட்கார்ந்து தின்னும். மாமி சிரித்தபடிதான் கொடுப்பாள். எங்களுக்குத்தான் கடைசி முறுக்கு இறங்காது.

ஜெர்மன்காரர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அந்தச் சனிக்கிழமை படியிறங்கும்போது மாமாவே தும்மிவிட்டார். மாமி நிற்கவில்லை.

"நீங்க தீர்த்தம் குடிச்சுட்டு மெதுவா வாங்கோ. நான் ஸ்டேஷன்ல இருக்கேன்."

மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கட்டடமே கைதட்டியது.

அந்த ஊரில் மதாம்மா இருந்த பங்களா பூட்டிக் கிடந்தது. தோட்டக்காரன் மட்டும் இருந்தான். "மேம்சாப் பம்பாய் கயீ" என்றான். வியாழக்கிழமையே பம்பாய்க்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். சனிக்கிழமை காலையில் கப்பல். இவர்கள் தாதரில் ரயிலேறிய நேரத்தில் அவள் துறைமுகத்தில் கப்பலேறியிருக்கிறாள். இரண்டு நாள் ஒரே பம்பாயில் இருந்திருக்கிறார்கள். முறுக்கு டப்பா தோட்டக்காரனிடம் போயிற்று.

"அவ ஒரு வார்த்தை திட்டலை ஓய். திட்டியிருக்கலாம்" என்றார் மாமா என்னிடம்.

மற்றதை மாமிதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மாமா தாதரில் இறங்கவில்லையாம். கடைசி ஸ்டேஷனான போரிபந்தர் வரை போய், அங்கிருந்து விக்டோரியா குதிரைவண்டி பிடித்துத் துறைமுகத்துக்கே அழைத்துப் போனாராம். கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர். அப்போதுதான் மாமி வாய்விட்டு அழுதாள். மாமா குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

"எப்போ கிளம்பலாம்னு நீயே சொல்லு" என்றார்.

மாமி சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் குடையை இறக்கவில்லையாம். அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.