பதின்மூன்று போல்ட்டும் ஒரு சம்பந்தமும்

யூனியன்வில், ரொறன்ரோ
ஆவணி 9

என்றும் என் மதிப்புக்கும், அதைவிடக் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு, தம்பி சச்சிதானந்தன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராஜேஸ்வரியும் மகள் நிலாணியும் நல்லூரான் புண்ணியத்தில் நலம். அங்கே கோண்டாவிலில் உங்கள் முழங்கால், ஆடு இரண்டு, கிணற்று மோட்டர் யாவும் நலமாக இருக்க அவனையே வேண்டுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதி உங்களுக்குக் கேட்காது, மீதியை நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நிலாணி விரும்பிய பொடியன் டிலக்சனின் வீட்டுக்குப் போய், "வேதக்காரச் சம்பந்தம் சைவக்காரர் எங்களுக்குச் சரிவராது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரும்படி நீங்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் சொல்லைத் தட்டாமல் போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேட்டி, சால்வையுடன் போனேன். காரை நிலாணி வேலைக்குக் கொண்டுபோய்விட்டாள். அதனால் நானும் இராஜேஸ்வரியும் என்னுடைய மோட்டர்ஹோமிலேயே போனோம். அதுதான், நான் வேலையிலிருந்து இளைப்பாறியபின் வாங்கிய, உள்ளே கட்டிலும் அடுப்பும் கக்கூசும் உள்ள அந்த நீட்டு வாகனம். 1978ஆம் ஆண்டு செய்தது. இராஜேஸ்வரி அதை "உந்தக் கப்பல்" என்பாள். உண்மையைச் சொன்னால் கார் இருந்திருந்தாலும் அதில்தான் போயிருப்பேன். வேண்டாம் என்று சொன்ன கையோடு அப்படியே ஏதாவது ஏரிக்கரைக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டால், பிள்ளை அழுவதைப் பார்க்கத் தேவையில்லை என்பது என் திட்டம். சாமான், சட்டி, உடுப்பு எல்லாம் ஏற்றியிருந்தேன்.

பொடியனின் தாய் வேரோனிக்கா அஜின்கோர்ட்டில் இருக்கிறா. நாலு வருடத்துக்கு முன் கணவன் இறந்துபோனார். பொடியன் வேலை அலுவலாக வெளியூர் போயிருந்தான், செவ்வாய்தான் திரும்புவான். வீட்டு வாசல் றோட்டிலிருந்து கராஜை நோக்கிச் சரிந்து இறங்கும். நான் வாகனத்தை மூக்குக் குப்புற இறக்கி நிறுத்திவிட்டு உள்ளே போய், கண்ணாடி முன்னால் நின்று மூன்று நாள் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். அவ குடிக்க ரீயும் கடிக்க ரோல்ஸும் வைத்தா. முழுவதையும் கேட்டா. "சரி அண்ணை. மனதிலை உள்ளதை நேரை வந்து சொன்னியள்" என்றா. அவ்வளவுதான். நான் சால்வையைச் சரிசெய்து, "அப்ப போட்டு வாறம்" என்று கம்பீரமாக எழும்பி வந்து, வாகனத்தை எடுத்து ரிவேர்ஸ் போட்டேன். எஞ்சின் யானை மாதிரிப் பிளிறியது. வாகனம் அசையவில்லை. இன்னும் அமத்தினேன். அசையவில்லை. வாசலில் நிற்கிற மனிசிக்கு மரியாதைக்காகக் கண்ணாடியை இறக்கி இரண்டாம் தரமும் "போட்டு வாறம்" என்றேன். அக்கா, ஒருவரிடம் உன் பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே போகமுடியாமல் நிற்பதைப் போல ஒரு நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

அவ வந்து கதவில் தட்டினா. "அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. ட்ரான்ஸ்மிஷன் காத்துக் குடிக்குது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இருபத்துநாலு வருசமாப் பஸ் கராஜிலை அதுதானே செய்யிறன்."

அவ கராஜில் வேலை என்று நிலாணி சொன்னபோது, கணக்கு எழுதுகிறா என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவ ஒயில் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவி, விரலில் ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்து, "கடைசியா எப்ப பில்டர் மாத்தினது?" என்று கேட்டா. "அதுக்கும் பில்டர் இருக்கோ?" என்றேன். கோப்பிக்குத்தான் பில்டர் என்று நான் அறுபத்தாறு வயதுவரை நம்பியிருந்தது தெரிந்தும் அவ முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கியர் மாறும் பெட்டியின் அடியில் ஒரு ஒயில் தட்டு இருக்கிறதாம். அதற்குள் பில்டர் இருந்து, ஒயிலை வடித்து மேலே அனுப்புமாம். திங்கள் இங்கே விடுமுறை. பழுதான வாகனத்தை இழுத்துச் செல்லும் ஆட்களைக் கேட்டால், இவ்வளவு நீளமானதுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வரலாம் என்றார்கள். "அப்ப நாங்களே மாத்துவம்" என்றா வேரோனிக்கா. இராஜேஸ்வரி அதற்குள் உள்ளே போய் அவவின் குசினியில் வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டாள்.

வேரோனிக்கா தன் காரைத் தந்தா. வேண்டாம் என்று சொன்ன வீட்டின் காரில் எப்படி ஏறுவது? வேட்டியோடு நடந்தே பாகங்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆண்டு கேட்டார், எஞ்சின் கேட்டார், கடைசியாக "ஒயில் தட்டு ஆழமானதா, ஆழமில்லாததா?" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆழமில்லாதது" என்று உறுதியாகச் சொல்லி, ஒரு பில்டரை வாங்கிக்கொண்டு வியர்க்க வியர்க்க வந்தேன். வேரோனிக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தா.

"அண்ணை, வாகனத்துக்குக் கீழை பாத்தனீங்களோ?"

"இல்லை."

"பாக்காமல் எப்பிடி ஆழமில்லை எண்டு சொன்னனீங்கள்?"

அவ கேட்டது ஒயில் தட்டைப் பற்றித்தான். ஆனால் அக்கா, எனக்கு முகம் சுட்டது.

வேட்டியோடு வாகனத்தின் கீழே போகமுடியாதென்று ஒரு மேலாடையும் காற்சட்டையும் சேர்ந்த நீல வேலை உடுப்பைக் கொண்டுவந்து தந்தா. நெஞ்சில் சிவப்பு நூலால் "இக்னேசியஸ்" என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது. அவவின் மனிசனுடையது. அவரும் அதே கராஜில்தான் வேலை செய்தவராம். சைவக்குடும்பத்துச் சச்சிதானந்தன், நெஞ்சில் இக்னேசியஸ் என்ற பெயரோடு வெளியே வந்தேன். அவ சிரிப்பா என்று எதிர்பார்த்தேன். அவ சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டி ஒருபக்கம் மடிந்திருந்ததைக் கை நீட்டித் திருத்த வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "அளவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா. வாகனம் உருளாமல் சில்லுகளுக்கு அணை கொடுக்கிற மரக்கட்டைகளோடு திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

கீழே படுத்து எண்ணும்படி சொன்னா. பதின்மூன்று போல்ட். தட்டு சதுரம், ஒரு மூலை வெட்டுப்பட்டது. சாண் வைத்துப் பார்த்தேன், நல்ல ஆழம். இந்த மூன்று விவரத்தையும் கையில் எழுதிக்கொண்டு, இம்முறை அவவின் காரிலேயே போய், முதல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துச் சரியான பில்டரோடு வந்தேன். பின்னேரம் இராஜேஸ்வரி வைத்த மீன்குழம்பும் வேரோனிக்கா அவித்த புட்டும் சாப்பிட்டு, வாகனத்திலேயே படுத்தோம்.

ஞாயிறு அவ தேவாலயப் பூசைக்குப் போய்வந்துதான் தட்டைக் கழற்றத் தொடங்கினோம். அதற்கு ஒயிலை வடிக்கத் துவாரம் இல்லை. "ஒருபக்கத்துப் போல்டுகளை மட்டும் மெல்ல மெல்ல இளக்குங்கோ, தட்டுச் சரிஞ்சு ஒயில் வடியும்" என்றா. நான் மெல்ல என்ற சொல்லைத் தவறவிட்டு மூன்றை முழுதாகக் கழற்றிவிட்டேன். பழைய சிவப்பு ஒயில் ஒரே வீச்சில் என் நெஞ்சு, தாடி, வாய் எல்லாம். இரத்தம் போலவே இருக்கும் அது. வெளியே வந்த இராஜேஸ்வரி "ஐயோ, என்ரை மனிசன்!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா துடைக்கத் துவாயோடு ஓடிவந்தா. முப்பத்தைந்து வருடத்தில் இராஜேஸ்வரி என்னை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் உண்மையைச் சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன்.

பழைய பில்டரைப் பார்த்தால், முன்பு யாரோ ஆழமில்லாத தட்டின் பில்டரைப் போட்டிருக்கிறார்கள். இளநீரின் அடியைத் தொடாத குழாயால் உறிஞ்சுவதுபோல, ஒயில் கொஞ்சம் குறைந்து, வாசல் சரிவில் ஒருபக்கம் ஓடியதும் காற்றைக் குடித்திருக்கிறது. நான் வாங்கிய முதல் பில்டரும் அதே இனம்தான்! புதியதை ஏற்றுமுன், பழைய இறப்பர் வளையம் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று விரலைவிட்டுப் பார்க்கச் சொன்னா. இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றி, பிறகு தட்டை மேலே வைத்துப் போல்டுகளைப் பூட்டினோம், அவ ஒருபக்கம், நான் மறுபக்கம். நான் பல்லைக் கடித்து இறுக்கினேன்.

"அண்ணை, உது சண்டை இல்லை. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, மாறி மாறி. ஒண்டை மட்டும் இறுக்கினால் மற்றப் பக்கத்தாலை ஒழுகும்."

அப்படியே படுத்திருந்தபடி, முகம் பார்க்கத் தேவையில்லாத துணிவில், "நேற்று நான் சொன்னதுக்கு உங்களுக்குக் கோவம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"கோவம் வந்தது. ரோல்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவமோ எண்டும் நினைச்சன்." ஒரு போல்டை இறுக்கினா. "எனக்காக இல்லை அண்ணை. என்ரை மனிசனுக்கு வருத்தம் கடுமையா இருக்கேக்கை, உங்கடை மகள் சனிக்கிழமையிலை ஆஸ்பத்திரிக்கு வந்து தமிழ்ப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறவ. எழுத்துக்கூட்டித்தான். 'அமைச்சர்' எண்டதை 'அம்மிச்சர்' எண்டு வாசிப்பா. இவருக்குச் சிரிச்சால் நோகும். எண்டாலும் 'இன்னும் வாசி பிள்ளை' எண்டு கேப்பார். கடைசிச் சனிக்கிழமையும் சிரிச்சவர்."

சனிக்கிழமைகளில் அவள் நூலகத்தில் படிக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன், அக்கா. தமிழ் வாசிக்க வராது என்று எத்தனை தரம் ஆட்களுக்கு முன்னால் பகிடி பண்ணியிருக்கிறேன். கண்ணில் ஒயில் பட்டுவிட்டது என்று சொன்னேன். வேரோனிக்கா தன் தோளில் கிடந்த துணியை என் பக்கம் தள்ளிவிட்டா. அவை என்ன ஆக்கள், என்ன சாதி என்று விசாரிக்கச் சொல்லியிருந்தீர்கள். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கள் காலை நீட்டுப் புனலால் புது ஒயில் விட்டோம். ரிவேர்ஸ் போட்டேன். வாகனம் பூனைபோல மெல்லப் பின்னால் ஏறி றோட்டுக்குப் போனது. சமதரையில் எஞ்சினை ஓடவிட்டுத்தான் ஒயிலை அளக்கவேண்டுமாம். அளந்தோம், சரி. ஒழுக்கும் இல்லை. "இனி நீங்கள் போகலாம் அண்ணை" என்றா. நானும் போனேன். அந்த வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் அதே வாசலில் இறக்கி நிறுத்தினேன். அந்நேரம் நிலாணி வந்துவிட்டாள். நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தாள். "அப்பா... திஸ் இஸ் அங்கிள்ஸ் யூனிபோர்ம்" என்றவள், அந்தத் தையலை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள். நான் அவளுடைய தலையில் கைவைத்தேன். கை முழுக்க ஒயில். அவள் தட்டிவிடவில்லை.

பிறகு வேரோனிக்காவிடம், "சனிக்கிழமை நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"எது அண்ணை? உங்கடை எஞ்சின் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றா.

அக்கா, நான் உங்கள் சொல்லை மீறவில்லை. வேண்டாம் என்று சொல்லப் போனேன், சொன்னேன். அதன்பின் நடந்தது ஒருவருடைய திட்டமும் இல்லை, முழுக்க நல்லூரான் செயல். வாகனத்தைச் சரியாக அந்த வாசலில் நிறுத்தியது அவன்தான். தையில் கோயிலில் தாலி, அடுத்தநாள் தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று பேசியிருக்கிறோம். உங்கள் வாய்ச்சொல் இல்லாமல் நாள் வைக்கமாட்டேன். கோபம் வந்தால் முழுவதையும் என்மேல் வையுங்கள், பிள்ளைமேல் ஒரு சொட்டும் சிந்தவேண்டாம். விசா அலுவலை நான் பார்க்கிறேன். நீங்கள் வந்து முன்னுக்கு நிற்கவேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்கவேண்டாம்.

உங்கள் காலைத் தொட்டு,
அன்புத் தம்பி
சச்சிதானந்தன்

பி.கு: உறையை ஒட்டுமுன் இராஜேஸ்வரி கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். சனிக்கிழமையே குசினியில் வேரோனிக்கா அவளிடம், "அக்கா, இரண்டு லீற்றர் ஒயில் விட்டால் உது யூனியன்வில் வரைக்கும் போகும். ஒயில் என்ரை கராஜுக்குள்ளை கிடக்கு. பில்டரை ஆறுதலா மாத்தலாம்" என்று சொன்னாவாம். இவள்தான், "அவருக்குச் சொல்லாதையுங்கோ" என்றிருக்கிறாள். ஏனடியப்பா என்று கேட்டேன். "நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு உடனை வண்டி எடுத்து ஓடுற ஆள். ஒருக்கா எண்டாலும் சொன்ன இடத்திலை நிண்டு பாக்கட்டும் எண்டு விட்டனான்" என்றாள். ஆகவே அக்கா, மேலே நல்லூரான் செயல் என்று எழுதிய இடத்தில் அவன் பெயரை வெட்டிவிட்டு, இராஜேஸ்வரி என்று வாசித்துக்கொள்ளவும்.