கை சிறு குற்றம், போன் பெருங்குற்றம்

குற்றங்கள் இரண்டு வகைப்படும்: சிறு குற்றம், பெருங்குற்றம். கண்டியிலிருந்து மடுல்கெல்ல போகும் வழியில், பெயரைச் சொன்னால் என் மீதே வழக்கு வரக்கூடிய ஒரு பொலிஸ் நிலையத்தில், இரண்டுக்கும் தனித்தனி மேசை உண்டு. எந்த மேசைக்குப் போவது என்பதைத்தான் பொதுமக்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சேர்ந்த லோஜினி, முறிந்த கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நேரே பெருங்குற்ற மேசைக்குப் போனாள். முறித்தவன் அவள் கணவன் யோகராஜ். இனி அந்த வீட்டுக்குப் போனால் உயிர் மிஞ்சாது, பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டாள். சார்ஜன்ட் அரூஸ் நல்ல மனுஷன். அவளைக் கதிரையில் உட்காரவைத்து, இது குடும்பப் பிரச்சினை, ஆகவே சிறு குற்றம் என்று பொறுமையாக விளக்கினார். சிறு குற்ற மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

அந்நேரம் யோகராஜ் வந்தான், கையில் உடைந்த போனோடு. புத்தம் புதுசு. அடி விழும்போது லோஜினி அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டாளாம். சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சேர், என் கைய முறிச்சது சின்னது, போன் ஒடஞ்சது பெருசா?" என்று கேட்டாள் லோஜினி.

"கை தானா ஒட்டும், தங்கச்சி. போன் ஒட்டுமா?"

இதற்குச் சட்டம் படித்தவர்களிடமும் பதில் இருக்காது.

அடுத்து, சாட்சி தேவைப்பட்டது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் கேட்கும் லயம் எங்களுடையது. சார்ஜன்ட் வந்து விசாரித்தபோது, போன் உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டிருந்தது. லோஜினி கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் காது கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

லோஜினியைக் கம்பிக்குள் வைத்தார்கள். வாசலில் காவலுக்கு ஒரு பெண் பொலிஸ். கேட்ட பாதுகாப்பு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து தூங்கியே போனாள்.

ஆனால் லயத்துக்கு மனசாட்சி உண்டு. ஒரு பொம்பளை கம்பி எண்ணுவதைப் பொறுக்காமல், தோட்டத்துத் தலைவர் செல்லச்சாமியை முன்னால் விட்டுப் பொலிசுக்குப் படையெடுத்தோம். யோகராஜின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். அவனும் பெருந்தன்மையோடு முறைப்பாட்டை வாபஸ் வாங்கினான்.

லோஜினியை எழுப்பினார்கள். "நான் இங்கேயே இருக்கேன் சேர்" என்றாள்.

"இது பெருங்குற்றம் செஞ்ச ஆக்கள் இருக்கிற இடம், தங்கச்சி. ஒங்களத்தான் மன்னிச்சாச்சே" என்றார் சார்ஜன்ட்.

எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. வான் பிடித்து, முறிந்த கை எங்கேயும் இடிபடாமல் பார்த்துப் பார்த்து ஏற்றி, அவளைப் புருஷனுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தோம்.