லாந்தர் வீதியில் ஒரு பஜனை மடம்

"அப்பாவும் அம்மாவும் ஆட்டோ ஏறிட்டாங்க. இப்ப அங்க வந்துடுவாங்க" என்றாள் மீனா போனில்.

"அங்கன்னா எங்க?" என்றான் உமேஷ்.

"நீங்க நிக்கற எடத்துக்குத்தான். மணிக்கூண்டுக்கு."

"இங்க எதுக்கு வர்றாங்க?"

"கோயில் பாக்க. அம்மா ஒரே புடிவாதம். ஊருக்கெல்லாம் கோயில் காட்டற மாப்ள நமக்குக் காட்ட மாட்டாராங்கறாங்க."

உமேஷ் திரும்பிப் பார்த்தான். அவனுடைய ஆரஞ்சுக் குடையை அடையாளம் வைத்துக்கொண்டு ஆறு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவருக்கும் கோயில் பார்க்கும் உத்தேசம் இல்லை.

உமேஷ் காட்டுவது கோயில் அல்ல. மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிற லாந்தர் வீதி ஒரு காலத்தில் மைசூரின் உல்லாச வீதி. மதுக்கடை, டான்ஸ் ஹால், சீட்டாட்ட கிளப் என்று விடிய விடிய விளக்கு எரிந்த இடம். இப்போது எல்லாம் மூடிக் கிடக்கிறது. மூடிய கதவுகளைக் காட்டி, உள்ளே யார் குடித்தார்கள், யார் ஆடினார்கள் என்று கதை சொல்வதுதான் உமேஷின் உத்தியோகம். 'இரவு வாழ்க்கை நடை' என்று அதற்குப் பெயர். நடப்பதென்னவோ மாலை நாலரை மணிக்கு. இருட்டிவிட்டால் அந்த வீதியில் விளக்கு கிடையாது, நாய்கள் உண்டு.

இதைத் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளி கிராமத்தில் இருக்கும் மாமனாரிடம் எப்படிச் சொல்வது? ரத்தினசாமி சுற்றுவட்டாரத்துக்கே பெயர் போன பக்திமான். மஞ்சள் வியாபாரம் செய்த காலத்தில், வெள்ளிக்கிழமை தோறும் மைசூர் மண்டிக்குச் சரக்கு இறக்க வருவார். வந்த வேலை முடிந்தால் ஊருக்குக் கிளம்பலாம் அல்லவா? மாட்டார். ராத்திரி பஜனைக்கு இருந்துவிட்டுச் சனிக்கிழமை காலையில்தான் வீடு திரும்புவார். அப்படிப்பட்டவர், மாப்பிள்ளை பேங்க் வேலையை விட்டுவிட்டு 'கைடு' ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த மீனா சொன்ன பொய்தான் கோயில்.

"சமாளிச்சுடுங்க" என்றாள் மீனா. "வேலைய நேர்ல பாத்துட்டுத்தான் வளைகாப்புக்கு வர்றதான்னு முடிவு சொல்வேன்னு அப்பா சொல்லியிருக்காரு. அவர் முன்னால நின்னு எனக்கு வளையல் போட்டுக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் குரல் கம்மியிருந்தது. ஏழு மாசக் கர்ப்பிணி அழுதால் எந்தப் புருஷனுக்குத்தான் தாங்கும்?

முதலில் சட்டையைக் கவனித்தான். முதுகில் மதுக்கோப்பைப் படத்தோடு 'மைசூர் நைட்லைஃப்' என்று பெரிதாக அச்சடித்த கம்பெனிச் சட்டை. அவசரமாகக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டான். பித்தான் போட்டு முடிப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

ரத்தினசாமி வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியுடன் இறங்கினார். பின்னால் மாமியார் நாச்சம்மாள், தேங்காய் பழம் வைத்த துணிப்பையோடு இறங்கினாள்.

"ஏனுங் மாப்ள, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க?" என்றார் ரத்தினசாமி.

"வேண்டுதல் மாமா."

ரத்தினசாமி மரியாதையோடு தலையாட்டினார். உமேஷ் குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆறு பேரும் பின்னால், மாமனார் மாமியார் அதற்கும் பின்னால். லாந்தர் வீதி முனைக்கு வந்ததும் ரத்தினசாமி சட்டென்று நின்றார். அவர் முகம் மாறிவிட்டது.

"மாப்ள... இந்தத் தெருவுக்குள்ளயா போறோம்?"

"ஆமா மாமா. எல்லாம் பழைய புனிதமான எடங்க."

"வேண்டாமுங்க. எனக்கு முட்டி வலிக்குது. திரும்பிக்கலாம்."

மோப்பம் பிடித்துவிட்டார் என்று உமேஷ் பயந்தான். ஆனால் நாச்சம்மாள் விடவில்லை.

"காலையில சாமுண்டி மலைப் படி ஏறறப்ப வலிக்காத முட்டி இப்ப வலிக்குதாக்கும்? வந்தது வந்தோம், பாத்துட்டே போலாமுங்க" என்று முன்னால் நடந்துவிட்டாள்.

முதல் நிறுத்தம் மூன்லைட் பார். உமேஷ் ஒரு தந்திரம் செய்தான். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் உள்ளதைச் சொல்வது, மாமனாருக்குத் தமிழில் கோயிலைச் சொல்வது. ஆங்கிலத்தில் குரலைத் தாழ்த்தி, ஐஸ் கட்டி போட்டு விஸ்கி கொடுத்த கதையை ஒப்பித்து முடித்தான். அதற்குள் நாச்சம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது என்ன கோயிலுங்க மாப்ள?"

"இது வந்து அத்தை... அதாவது..."

மூளை ஓடவில்லை. விஸ்கியிலிருந்து விபூதிக்கு அவ்வளவு சீக்கிரம் வர முடியவில்லை. நல்லவேளையாக ரத்தினசாமி குறுக்கே புகுந்தார்.

"சத்திரம் புள்ள! அன்னதானச் சத்திரம். அப்படித்தானுங்களே மாப்ள?"

"ஆமா மாமா! அதேதான்!"

"மேல என்னவோ கிண்ணமாட்ட வெச்சிருக்காங்களே?" என்றாள் நாச்சம்மாள், வாசலுக்கு மேலே சுதையில் செய்த கோப்பையைக் காட்டி.

"தீர்த்தக் கிண்ணம்" என்றார்கள் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில்.

உமேஷுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன மனுஷர்! சாராயக் கோப்பையைப் பார்த்தால்கூடத் தீர்த்தம் என்று தோன்றுகிற மனசு. அவரைப் போய் ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ரத்தினசாமி அத்தோடு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மூன்லைட் பாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் நாலு பேரும், இதுவும் நடையில் ஓர் அம்சம் போலிருக்கிறது என்று ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மிச்சம் இருவர் லாய்ட், ஈவ்லின் தம்பதி. மைசூர்க்காரர்கள்தான். லாய்ட் கேமராவில் கண்ணாக இருந்தார். ஈவ்லின் உமேஷின் சட்டையைப் பிடித்துத் தனியே இழுத்தாள்.

"தம்பி, இங்கிலீஷ்ல பார்ங்கறீங்க, தமிழ்ல சத்திரம்ங்கறீங்க. எது நெஜம்?"

"மேடம், உங்களுக்குத் தமிழ்..."

"எங்கம்மா வீடு கோலார் தங்கவயல். வீட்ல தமிழ்தான். இப்படி ஆளுக்கொரு கதை சொன்னா நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டுடுவேன், பாத்துக்கோங்க."

கம்பெனிக்கு எழுதினால் வேலை போகும். மாமனாரிடம் உண்மை சொன்னால் வளைகாப்பு போகும். உமேஷ் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அந்தப் பெரியவர் யாருன்னு தெரியுமா மேடம்? அந்தக் காலத்துல இந்தத் தெருவுக்கே ராஜா. விடிய விடியக் குடிச்சவரு. இப்ப அடியோட விட்டுட்டாரு. இந்த எடத்தையெல்லாம் கோயில்னு நெனச்சுக்கிட்டாத்தான் மனசு நிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தயவுசெஞ்சு காட்டிக் குடுத்துடாதீங்க."

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெற்றிலைகூடப் போடாத மனுஷர் மேல் எவ்வளவு பெரிய பழி!

ஈவ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடவுளே! நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் குடி நிறுத்தற வார்டுல நர்ஸா இருந்தேன், தம்பி. இதை நீங்க மறைக்கவே கூடாது. இவங்களைத் தட்டிக் குடுக்கணும்" என்றவள், உமேஷ் தடுப்பதற்குள் கம்பெனிப் பிள்ளைகளிடம் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிட்டாள்.

மைசூரில் எத்தனையோ நர்ஸுகள் இருக்கிறார்கள். அவனுக்கென்று இந்த வார்டு நர்ஸா வந்து வாய்க்க வேண்டும்?

அடுத்தது ப்ளூ பேர்ட் டான்ஸ் ஹால். கேட்டில் பெரிய பூட்டு. சுவரில், ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிய நாட்டியக்காரியின் சுதைச் சிற்பம், மூக்கு மட்டும் உடைந்து போய். உமேஷ் வாயைத் திறக்கும் முன்பே ரத்தினசாமி மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"இது பஜனை மடம், புள்ள."

"ஆமா அத்தை, பஜனை மடம்" என்றான் உமேஷ் நன்றியோடு.

"ஓ... இதானா பஜனை மடம்" என்றாள் நாச்சம்மாள். அந்தச் சிற்பத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். "அந்தம்மா எதுக்குங்க காலைத் தூக்கிட்டு நிக்குது?"

"பக்தி முத்திப் போச்சுன்னா அப்படித்தான்" என்றார் ரத்தினசாமி. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

கேட்டுக்குப் பின்னாலிருந்து கிழட்டு வாட்ச்மேன் சித்தையன் எட்டிப் பார்த்தான். ரத்தினசாமியைக் கண்டதும் கை இரண்டையும் கூப்பி, "பன்னி யஜமானரே! தும்பா தினா ஆய்து!" என்றான். வாங்க எசமான், ரொம்ப நாளாச்சே என்று கன்னடத்தில் அவ்வளவு குசலம். வெள்ளை வேட்டி கட்டிய எவரைப் பார்த்தாலும் டீக்காசுக்காக அவன் இப்படித்தான் குழைவான் என்று உமேஷ் பல்லைக் கடித்தான். ரத்தினசாமி துண்டை எடுத்து முகத்தைச் சுற்றி மூடிக்கொண்டார்.

"தூசிங் மாப்ள. ஆவறதில்ல எனக்கு."

அந்த நேரம் பார்த்து ஈவ்லின் எதிரில் வந்து நின்றாள். "அங்கிள், எத்தனை வருஷமாச்சு?"

"எதுக்குங்க?"

"விட்டு! உங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. எல்லாரும் கை தட்டுங்க!"

கம்பெனிப் பிள்ளைகள் பலமாகக் கை தட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன் ரத்தினசாமியின் தோளில் கை போட்டு, காலைத் தூக்கிய நாட்டியக்காரி பின்னணியில் தெரிய செல்ஃபி எடுத்துக்கொண்டான். லாய்ட் மண்டி போட்டுப் படம் பிடித்தார்.

"எதுக்குங்க மாப்ள எல்லாரும் கை தட்டறாங்க?" என்றாள் நாச்சம்மாள்.

"பஜனை மடம் அத்தை. இங்க வந்தாக் கை தட்டறது வழக்கம்."

"அப்படிங்களா?" என்று பையைக் கீழே வைத்துவிட்டு நாச்சம்மாளும் நன்றாகக் கை தட்டினாள்.

ரத்தினசாமி துண்டுக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களால் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். உமேஷ் அந்த இடத்திலேயே செத்தான். எல்லாம் தெரிந்துவிட்டது. வளைகாப்பு இல்லை, மீனாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

அவர் அவன் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க மாப்ள?"

"மாமா, மன்னிச்சுக்கோங்க. யாரும் சொல்லல. நானாத்தான் அந்தம்மாகிட்ட ஒரு பொய்ய..."

"பொய்தான்! பொய்யாவே இருக்கட்டுமுங்க!" அவர் அவன் வாயைப் பொத்தினார். "வளைகாப்ப நானே முன்னால நின்னு ஜாம்ஜாம்னு பண்ணிப்போடறேன். என்ற பொண்ண நானே கார் வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். உங்க வேலை தங்கமான வேலைங்க. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனா இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கலாம். அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டாமுங்க மாப்ள, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

உமேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டி அனுப்புவார் என்று பயந்தவனுக்கு, கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பெரிய மனசு என்பது இதுதான் போலிருக்கிறது. தன் மேல் குடிகாரப் பட்டம் கட்டிய மாப்பிள்ளையை மன்னித்து, பெண்ணுக்கு வளைகாப்பும் செய்கிறேன் என்கிறாரே! அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்தை லாய்டிடம் ஒப்படைத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, ஆட்டோவுக்கு ஓடினான். நாச்சம்மாளை ஏற்றி உட்கார வைத்தான். ரத்தினசாமி சோடா குடிக்கப் பெட்டிக்கடைக்குப் போயிருந்தார்.

இதற்கு மேல் மறைக்க உமேஷுக்கு மனசு இடம் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட உத்தமரின் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும். இது கோயில் காட்டற வேலை இல்ல. நீங்க பாத்தது சத்திரமும் இல்ல, பஜனை மடமும் இல்ல. அத்தனையும் பழைய சாராயக்கடை, டான்ஸ் கொட்டாய். மாமா பாவம், ஒண்ணும் தெரியாம நான் சொன்னதையெல்லாம் நம்பிட்டாரு. என்னை மன்னிச்சுடுங்க."

நாச்சம்மாள் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். பெட்டிக்கடையில் இரண்டாவது சோடா குடித்துக்கொண்டிருந்த கணவரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"உங்க வேலை இன்னதுன்னு மீனா எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாளுங்க மாப்ள, இவரு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ராத்திரி தங்கிப் பண்ணுன பஜனைய எந்த மடத்துல பண்ணுனாருன்னு ஒருக்காப் பாத்துப்போடலாம்னுதான், நானே இவர இழுத்துட்டு வந்தேன்."