சுவருக்கு இரண்டு பக்கமும் தம்ரூட்

கண்ணாடியில் பார்த்தபோது ஜெக்கரியாவின் இடது புருவத்தில் பாதியைக் காணோம்.

சட்டி மூடியின் மேல் போட்டிருந்த தணல் அணைந்துவிட்டதோ என்று குனிந்து ஊதினார், அவ்வளவுதான். ஜித்தாவில் பதினாலு வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனையே கட்டி மேய்த்த மனுஷன், முத்துப்பேட்டையில் சொந்த வீட்டு அடுப்பங்கரையில் திருட்டுத்தனமாகத் தம்ரூட் என்கிற ரவை இனிப்பைப் போட்டு மூஞ்சியைப் பொசுக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. மனைவி ஹலீமா, சொந்தக்காரர் வீடுகளுக்குக் கல்யாணம் சொல்லிவிட்டுத் திரும்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் தம்ரூட் சிவக்க வேண்டும், பாதி பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும், பாத்திரம் கழுவியாக வேண்டும். புருவத்துக்கு ஒரு பொய் வேறு தயார் செய்ய வேண்டும்.

பக்கத்து வீடு என்றால் அந்நியமில்லை. வாப்பா மவுத்தான பிறகு ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் தம்பி உபைதுல்லாவின் குடும்பம். உபைதுல்லா துபாயில். அண்ணன் ஒரு வருஷம், தம்பி ஒரு வருஷம் என்று முறை வைத்து லீவில் வருவார்கள். சுவரில் ஒரு கதவு உண்டு. அதைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வரைக்கும்.

அப்போதுதான் ஹலீமாவிடமிருந்து ஜித்தாவுக்கு ஒரு கேசட் வந்தது. தொண்ணூறு நிமிஷ கேசட். வழக்கமாக ஒரு பக்கம் குடும்ப நடப்பு, மறுபக்கம் பிள்ளைகள் ஓதுவது என்று இருக்கும். இந்தத் தடவை இரண்டு பக்கமும் உபைதுல்லாவின் மனைவி ஜஸீலாதான். பெருநாளன்று நாலு பேர் முன்னால், "லாத்தா, ரவை சரியா வறுபடல" என்று சொல்லிவிட்டாளாம். ஹலீமாவின் தம்ரூட்டைப் பார்த்து. அன்றைக்குப் பூட்டிய கதவுதான்.

ஜெக்கரியா ரூமில் படுத்தபடி அந்தக் கேசட்டை மூன்று தடவை கேட்டார். ஊரில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத்தானே நாம் இங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அதுவும் போச்சா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது மகள் ஃபஹ்மிதாவுக்கு நிக்காஹ். ஒரு மாதம்கூட இல்லை. அவளோ சாச்சி ஜஸீலாவின் மடியிலேயே வளர்ந்தவள். "சாச்சி பக்கத்துல உக்காராம நான் சம்மதம் சொல்ல மாட்டேன் வாப்பா" என்று ஒரே பிடியாக நின்றாள். ஜஸீலா வாசலை மிதித்தால் தான் கொல்லை வழியாக வெளியே போய்விடுவதாக ஹலீமா சொன்னாள். ஜஸீலாவும் அதையேதான் சொன்னாளாம், கொல்லைக்குப் பதில் தாய்வீடு என்று மட்டும் மாற்றி. தம்பி மனைவியிடம் நேரில் போய்ப் பேசவும் முடியாது. நல்ல காலத்திலேயே அவள் மூத்தாரிடம் கதவு மறைவில் நின்றுதான் பேசுவாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்தது பால் ஊற்றும் செவ்வந்தி மட்டும்தான்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சமைத்து, ஹலீமா கொடுத்ததாக அந்தப் பக்கம் பாதி. ஜஸீலா கொடுத்ததாக இந்தப் பக்கம் பாதி. தின்ற வாய் திட்டுமா?

சமையல் தெரியுமா என்றால், பிரமாதமாகத் தெரியும். ஜித்தா ரூமில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு நாள் முறை. வியாழக்கிழமை ஜெக்கரியாவுடையது, அன்றைக்குப் பக்கத்து ரூம்காரர்கள்கூட ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஊரில் அவருக்குக் குடிக்கிற தண்ணீரும் உட்கார்ந்த இடத்துக்கு வர வேண்டும்.

ஜித்தாவிலிருந்து மெனக்கெட்டு ஒரு மின்சார அடுப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் வைத்துச் சுட்டால் தம்ரூட் பூப்போல வரும் என்று பார்த்தால், சுவிட்சைப் போட்டதுமே தெருவுக்கே கரண்ட் போனது. கடைசியில் பழையபடி கீழேயும் கரி, மூடி மேலேயும் கரி. புருவம் போன கதை அதுதான்.

ஹலீமா வந்தாள். புருவத்தைப் பார்த்தாள். முடி திருத்துகிறவரின் கை தவறிவிட்டது என்றார். தட்டிலிருந்ததை ஒரு விள்ளல் வாயில் போட்டாள். போன வீட்டிலெல்லாம் சாப்பிடச் சொல்லி வயிறு நிறைந்துவிட்டதாம், ஒரு வாய்க்கு மேல் ஆகாதாம்.

"இது யாரு குடுத்தது?"

"ஜஸீலாதான். செவ்வந்திகிட்ட குடுத்து விட்டிருக்கு."

"நெய் காணாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பாலோடு செவ்வந்தி அந்தப் பக்கத்துச் சேதியைக் கொண்டுவந்தாள். "முந்திரி கருகிப்போச்சாம் பாய். ஆனா அம்மா மனசு கொஞ்சம் எளகியிருக்கு. நெஜமாவே அன்பா குடுத்ததுன்னா இன்னிக்கு வட்டிலப்பம் வரட்டும்னு சொல்லிச்சு."

ஜெக்கரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது முட்டை உடைத்துத் தேங்காய்ப் பால் பிழிந்து வட்டிலப்பம் அவித்தார். அதைத் தின்றுவிட்டு ஹலீமா, இனிப்பு மட்டுமே அனுப்புகிறவளை நம்ப முடியாது, கையால் ஒரு இறால் ஆணம் காய்ச்சி அனுப்பினால் யோசிக்கலாம் என்றாள். இறால் ஆணம் போனது. அதில் புளி தூக்கல் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் வந்தது. புளியைக் குறைத்தார். அப்படியே ஒரு மீனும் வறுத்து வைத்தால் மனசு முழுக்கச் சரியாகிவிடும் போலிருக்கிறது என்றாள் செவ்வந்தி.

பத்து நாளில் பாவம் மனுஷன் இரண்டு வீட்டுக்கும் மதியச் சாப்பாடே செய்துகொண்டிருந்தார். விடிந்ததும் மீன் மார்க்கெட், பதினோரு மணிக்கு ஹலீமாவும் ஃபஹ்மிதாவும் கல்யாணம் சொல்லக் கிளம்பியதும் அடுப்பு, மூன்று மணிக்குள் சட்டி கழுவிக் கவிழ்த்தாக வேண்டும். லீவில் வந்தால் ஆள் ஒரு சுற்றுப் பெருப்பது வழக்கம். இவர் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டார்.

ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ரஹ்மான் வந்து நின்றுவிட்டார். துருவல் பல் மழுங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்த்ததாக ஜெக்கரியா சொன்னார். சம்பந்தி நம்பினாரோ என்னவோ, தட்டிலிருந்த தம்ரூட்டை நம்பினார். மூன்று துண்டு உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"சம்பந்தி, கல்யாணத்துக்குக் கடைத் தம்ரூட் வேணாம். ஹலீமாம்மா கையாலயே இருக்கட்டும்."

முடியாது என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் செவ்வந்தி வேறு சேதி கொண்டுவந்தாள். ஜஸீலா கல்யாணத்துக்கு வரச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனைதான். லாத்தா தன் கையால் பன்னிரண்டு தாம்பாளம் தம்ரூட் போட்டு, அதில் முதல் தாம்பாளம் தன் வீட்டுக்கு வர வேண்டும். ஹலீமாவிடம் அதையே ஜஸீலா போட்டு அனுப்பியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜெக்கரியா கணக்குப் போட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே ஹலீமா மகளை அழைத்துக்கொண்டு மருதாணி போட யார் வீட்டுக்கோ போய்விட்டாள். மணப்பெண்ணைப் பெற்ற தகப்பன், வந்திருந்த சொந்தங்களைக் கடைத்தெருவுக்கு விரட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, கொல்லையில் ஆறு அடுப்பு மூட்டி, பன்னிரண்டு தாம்பாளம் தம்ரூட் போட்டார். வலது புருவமும் போயிற்று. இரண்டும் சமமானது ஒரு வகையில் நல்லதுதான்.

நிக்காஹ் அன்று காலை சுவரிலிருந்த கதவு திறந்தது. ஜஸீலா பட்டுச் சேலையில் வந்து ஃபஹ்மிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சம்மதம் கேட்டபோது மகள் சொன்ன பதில், திரைக்கு வெளியே நின்ற ஜெக்கரியாவுக்கே கேட்டது. பிறகு பெண்கள் பந்தியில் மணப்பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டு, ஹலீமா ஒரு துண்டு தம்ரூட்டை எடுத்து ஜஸீலாவின் வாயில் ஊட்டினாள். அதைத் திரை விலகிய இடைவெளியில் பார்த்த ஜெக்கரியா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினாலு வருஷத்து வெயிலும் அந்த ஒரு நிமிஷத்தில் கழிந்துபோனது போலிருந்தது.

அன்று காலைதான் துபாயிலிருந்து வந்து இறங்கியிருந்த உபைதுல்லா ஆச்சரியம் தாங்காமல் கேட்டான். "எப்படிக் காக்கா சாதிச்சீங்க? போன வருஷ லீவுல நானும் என்னென்னவோ செஞ்சு பாத்தேன். ஒண்ணும் நடக்கல."

"அதுக்கெல்லாம் ஒரு கைப்பக்குவம் வேணும்டா" என்றார் ஜெக்கரியா.

பந்தி முடிந்த பிறகு ஒரு தாம்பாளத்தை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். செவ்வந்தி கிணற்றடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்து, பிரிந்து கிடந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியத்தில் பாதி அவளுடையது என்றார். விஷயம் அவர்கள் இருவரோடும் இருக்கட்டும், பெண்களுக்குத் தெரிந்தால் மனசு சங்கடப்படுவார்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

செவ்வந்தி ஒரு துண்டைப் பிட்டு நிதானமாக மென்றாள்.

"சும்மா சொல்லக் கூடாது பாய், ஒங்க கைதான் ஒசத்தி. போன வருசம் சின்ன பாய் இதே மாதிரி ரெண்டு வீட்டுக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சு சமைச்சு அனுப்புனப்ப, ரெண்டம்மாவும் தெனம் மத்தியானம் ஒரே தட்டுல வச்சுத் தின்னுக்கிட்டே, 'இளையவரே இப்படி சமைக்கிறாருன்னா மூத்தவரு எப்படி சமைப்பாரோ, சண்டைய அடுத்த வருசத்துக்கும் வச்சுக்குவோம்'னு அப்பவே பேசி முடிச்சுட்டாங்க."