பச்சை எரிந்தால் சிரிப்பு

முதல் பொத்தானில் டீ கொட்டிவிட்டது. கொட்டியவன் வேறு யாருமில்லை, அந்தப் பொத்தானை நம்பியே இத்தனை நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

"துடைச்சா சரியாயிடும்," என்றான் சவுண்டு, சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டே.

"டீயைத் துடைக்கலாம், உள்ளே போனதை எப்படித் துடைப்பே?" என்றார் திரை இழுக்கிறவர். அரங்கத்தில் கயிறோடு கயிறாக முப்பது வருஷம் ஓட்டிய மனிதர், ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை.

அரங்கத்துக்கு ஒலி போடுகிறவன் என்பதால் எல்லோரும் அவனை 'சவுண்டு' என்றே கூப்பிட்டார்கள். அவன் முன்னால் இருந்தது ஒரு சின்னப் பெட்டி, அதில் வரிசைக்கு நாலாகப் பதினாறு ரப்பர் பொத்தான்கள். பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தப் பொத்தானை எவ்வளவு பலமாக அமுக்கினார்கள் என்று வயர் வழியாக லேப்டாப்பிடம் கோள் மூட்டுவதுதான் அதன் வேலை. லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாகச் சத்தங்கள் காத்திருக்கும். நாய், ரயில், இடி, குழந்தை அழுகை என்று நாடகக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. முதல் பொத்தானில் மட்டும் ஜனங்களின் சிரிப்பு. மெதுவாகத் தொட்டால் கிளுகிளுவென்று வரும், ஓங்கி அடித்தால் கூரை பிய்த்துக்கொள்ளும்.

அந்தச் சிரிப்பு அவன் அண்ணனுக்காக.

சனிக்கிழமை சாயங்காலமானால் அண்ணன் அந்த மேடையில் தனியாக நின்று ஒரு மணி நேரம் நகைச்சுவையாகப் பேசுவார். எல்லாம் அண்ணியைப் பற்றித்தான். அண்ணி முதல் வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பாள். அவள் சிரிக்க ஆரம்பித்தால், பக்கத்து நாற்காலிக்காரர் என்ன ஜோக் என்றே தெரியாமல் சிரிப்பார்.

போன வருஷம் அண்ணி போய்ச் சேர்ந்தாள். அண்ணன் அதே கோட்டு, அதே ஜோக்கோடு மறுபடி மேடை ஏறினார். ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் பெண்டாட்டி ஜோக் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டத்தான் தோன்றும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சோற்றுத் தட்டு போட்டபடியே இருந்தது. இவரும் போய்விடுவாரோ என்று சவுண்டு பயந்தான்.

பழைய பதிவுகளிலிருந்து ஜனங்களின் சிரிப்பைப் பொறுக்கி எடுத்தான். அண்ணியின் குரல் கேட்ட இடங்களை மட்டும் வெட்டினான். அண்ணன் அதைத் தாங்க மாட்டார் என்று வெட்டினான், வெட்டும்போது இவன்தான் தாங்காமல் அழுதான். அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி அண்ணனை மேடைக்குக் கூட்டிவந்தான்.

"இது என்னடா புதுப் பெட்டி?" என்று அண்ணன் கேட்டார்.

சவுண்டு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான். "சிரிப்பை அளக்குற மெஷின் அண்ணே. ஜனம் சிரிச்சா பச்சை எரியும்."

"அந்தச் சிவப்பு?"

"அது... கொட்டாவி விட்டா."

"விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சுடா!" என்றார் அண்ணன். உண்மையில் முதல் பொத்தானை அமுக்கினால் பச்சை எரியும், மற்றவை எல்லாம் சிவப்பு. விஞ்ஞானம் அவ்வளவு தூரம்தான் போயிருந்தது.

பொய் பலித்தது. அண்ணன் சாப்பிட்டார், ஷேவ் செய்தார், சனிக்கிழமைக்குக் காத்திருந்தார். ஆனாலும் பழைய மனிதராக இல்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தாலும் எடுப்பதில்லை. துக்கம் மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று சவுண்டு தனக்குள்ளேயே உருகுவான். சில மாதங்களுக்கு முன்னால், "உன் மேஜையை மேடைக்கு ஒட்டிப் போடுடா. நீ கண்ணுல பட்டா எனக்குத் தைரியமா இருக்கு," என்று அண்ணன் சொன்னதும் அன்றைக்கே மேஜையை இழுத்துப் போட்டான்.

இப்போது அந்த முதல் பொத்தான் செத்துக் கிடந்தது. அரங்கம் நிரம்பியிருந்தது.

எல்லாச் சத்தங்களையும் ஒரு பொத்தான் தள்ளி வைக்க, பெட்டியின் ஓரத்தில் ஒரு விசை உண்டு. அதை அமுக்கினால் சிரிப்பு இரண்டாவது பொத்தானுக்கு வந்துவிடும். அமுக்கினான். வந்ததா என்று சோதித்துப் பார்க்கலாம்தான். ஆனால் மேடையில் ஆளே இல்லாதபோது ஸ்பீக்கர் கெக்கெக்கே என்று சிரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! கடவுள் விட்ட வழி என்று கையைப் பிசைந்தான்.

திரைக்காரர் போய் அண்ணனின் தோளைத் தொட்டார். மணி அடித்த பிறகும் தோளைத் தொட்டு அனுப்புவது அவர் வழக்கம். திரை விலகியது. மேடை விளக்கு கண்ணில் அடித்தது. அங்கே நின்று பார்த்தால் எதிரே இருப்பது தலையா நாற்காலியா என்றுகூடத் தெரியாது, அவ்வளவு இருட்டு.

"கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா மாமனார் வீட்டுக்குப் போனேன்," என்று அண்ணன் தொடங்கினார். "வாசல்ல காலை வெச்சதும் என்னைப் பார்த்து எங்க மாமியார்..."

நிறுத்தினார். இங்கே ஒரு கிளுகிளு வேண்டும். சவுண்டு இரண்டாவது பொத்தானைத் தொட்டான்.

"லொள்! லொள் லொள்!" என்றது ஸ்பீக்கர்.

ஒரு கணம் அரங்கமே மூச்சடைத்துப் போனது. அப்புறம் பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "...அன்பா வரவேற்றாங்க," என்று முடித்தார்.

கூரை பிய்த்துக்கொண்டது.

சவுண்டுக்கு அது காதில் ஏறவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விசை ஒரு பொத்தான் தள்ளுவதற்குப் பதிலாக ஒரு வரிசையையே தள்ளியிருக்க வேண்டும். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இப்போது ஒரு தடவை தொட்டால் சத்தம் நிற்காமல் ஓடியது.

"என் சம்சாரம் அன்னைக்குத்தான் எனக்காக முதல் முதலா ஒரு பாட்டுப் பாடினா..."

சிரிப்பு இங்கேதான் வந்திருக்கும் என்று ஐந்தாவது பொத்தானைக் குத்தினான். ரயில் ஊளையிட்டது. நிறுத்தப் போய் ஆறாவதைத் தொட்டான், குழந்தை வீறிட்டது. ரயிலும் குழந்தையும் சேர்ந்து கத்த, அண்ணன் கண்ணை மூடி அந்தப் பாட்டை ரசிப்பவர் போல நின்றார். "குயில் தோத்துப்போச்சுங்க," என்றார்.

ஜனங்கள் நாற்காலியைத் தட்டினார்கள். ஒரு பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும், செத்துடுவேன்!" என்று கத்தினாள்.

அப்போதுதான் சவுண்டுக்கு உறைத்தது. இது பெட்டிச் சிரிப்பில்லை. அண்ணி போன பிறகு முதல் தடவையாக, உயிருள்ள மனிதர்கள் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் எப்பேர்ப்பட்ட கலைஞர்! தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் ஒரு சத்தத்துக்குக்கூட அசையவில்லையே!

ஆனால் அண்ணனின் கண் மேஜையை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு ஜோக்குக்கும் அந்தப் பார்வை கெஞ்சியது. சிரிப்பு குறைந்துவிட்டது, அமுக்கு என்கிறாரோ? சவுண்டு பாய்ந்து பாய்ந்து அமுக்கினான். இடி, நாய், கண்ணாடி உடைவது. ஒன்பதாவது பொத்தானில் ஒளிந்திருந்த பெட்டிச் சிரிப்புகூடக் கடைசியில் அகப்பட்டது. அதையும் விடாமல் குத்தினான். அண்ணனின் குரல் கம்மிக்கொண்டே போனது. கடைசி இரண்டு ஜோக்கை விழுங்கிவிட்டு, கும்பிட்டுத் திரும்பினார். ஜனம் எழுந்து நின்று கை தட்டுவதற்குள் திரை மூடிவிட்டது.

ஒப்பனை அறைக்கு சவுண்டு ஓடினான். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகத்துப் பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது.

"இன்னைக்கு ஒருத்தர்கூடச் சிரிக்கலடா," என்றார். "போதும். அடுத்த வாரத்திலேருந்து நான் வரல."

சவுண்டு திகைத்துப்போனான். நாய் குரைத்ததற்குத்தான் சிரித்தார்கள், தன் ஜோக்குக்கு இல்லை என்று மனம் தளர்ந்துவிட்டாரா? அண்ணன் குனிந்து செருப்பு வாரைக் கழற்ற ஆரம்பித்தார். மறுபடியும் அந்தச் சுவர், அந்தச் சோற்றுத் தட்டு. அதை நினைத்ததும் சவுண்டு உடைந்துவிட்டான்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. இத்தனை நாளும் சிரிச்சது ஜனமில்ல, நான்தான் பட்டனை அமுக்கினேன். அண்ணி இல்லாம நீங்க அந்தக் கட்டில்லேருந்து எழுந்திருக்கவே மாட்டீங்கன்னு பயந்துட்டேன். ஆனா இன்னைக்குச் சிரிச்சது நிஜம் அண்ணே. அண்ணி இருந்தா எப்படிச் சிரிப்பாங்களோ அப்படிச் சிரிச்சாங்க!"

அண்ணன் நிமிரவில்லை. வாரைக் கழற்றி முடித்து, கோட்டை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். இனிமேல் எடுக்கப்போவதில்லை என்பது போல மெதுவாகத் தடவிவிட்டு மூடினார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சவுண்டு வெளியே வந்து கயிற்று மூட்டைமேல் உட்கார்ந்து விம்மினான்.

"பொய்யைச் சொன்னப்ப நம்பினார். நிஜத்தைச் சொன்னா முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறார்."

திரைக்காரர் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சொல்லலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார்.

"குனிஞ்சிருக்கிறவர்கிட்ட நீ என்ன சொல்லி என்னப்பா? அவருக்குக் காது சுத்தமாப் போய் ஆறு மாசமாச்சு, வாயசைவைப் பார்த்துத்தான் சமாளிக்கிறார். உனக்குத் தெரிஞ்சா மேடை ஏற விட மாட்டியோன்னு, சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். ஜனம் சிரிக்குதா இல்லையான்னு உன் மெஷினைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவார்... இன்னைக்கு அதுல முழுக்கச் சிவப்புதானே எரிஞ்சுது."